நாள் தப்பிய ரத்தம்

வந்துவிட்டது. இது வியர்வை இல்லை, வியர்வைக்கு இந்தக் கனம் கிடையாது. நாற்காலியில் ஒரு பக்கம் சாய்ந்து பார்க்கிறேன், மறுபக்கம் சாய்ந்து பார்க்கிறேன், எப்படி உட்கார்ந்தாலும் அந்த வெதுவெதுப்பு கூடவே நகர்கிறது. அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியை முறுக்குவதுபோல ஒரு பிடி, விட்டுவிட்டு இன்னொரு பிடி. நாள் இல்லையே. என் நாள் வருவதற்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. அது, என்னைவிட, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ருக்குமணி அத்தைக்கு நன்றாகத் தெரியும். பூபதியின் அம்மா, என் மாமியார், மாதாமாதம் நான் சாமி அறைப் பக்கம் போகாமல் ஒதுங்கும் முதல் நாளை யாரும் சொல்லாமலே மனதில் ஏற்றிவைத்துக்கொள்பவர். இந்த மாதம் ஒதுங்கவே கூடாது என்று தான்தோன்றிமலைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். இப்போது கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சுவர் முழுக்கக் குழந்தைகள், இந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுத்துப் பிறந்த குழந்தைகளாம், தொப்பி போட்டவை, பல் முளைக்காத வாயைத் திறந்து சிரிப்பவை, அழப்போகிறவை. எதிரில் வரிசையாகப் பெண்கள், எல்லோருடைய மடியிலும் ஒரே நிறத்தில் ஃபைல், எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி எதையோ கேட்கத் தயாராக இருக்கும் சாந்தம். இத்தனை பேரும் வரவே கூடாது என்று கும்பிடும் ஒன்று எனக்கு வந்திருக்கிறது, நான் அதற்குச் சந்தோஷப்படுகிறேன், சந்தோஷம் தொண்டைவரை வந்துவிட்டது, முகத்தில் வந்துவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். ரத்தம் வந்தால் இல்லை என்று அர்த்தம். வயதுக்கு வந்ததிலிருந்து தெரிந்த ஒரே கணக்கு அது. இல்லை. இல்லை. குழந்தை இல்லை.

ஆனால் நாள் இல்லையே. ஏன் இவ்வளவு சீக்கிரம்? போன தடவைகளில் கரு தங்காமலிருக்க மாத்திரை போட்டபோது இப்படி வரவில்லை. குமட்டியது, ஆபீஸில் கம்ப்யூட்டர் திரை கண்முன் ஆடியது, அவ்வளவுதான், பிறகு அந்தந்த நாளுக்கு ஒழுங்காக வந்தது. ரெஹானாவும் வாந்தி வரும், தலை சுற்றும் என்றுதான் சொன்னாள், ரத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரெஹானா எங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் என் பக்கத்து மேஜை, பெட்ஷீட் ஆர்டர்களுக்கு நானும் அவளும்தான் மெயில் அனுப்புவோம். அவளுடைய அக்கா பெங்களூரில் இருக்கிறாள், அங்கே போய்வரும்போது வாங்கிவந்து தருவாள். கரூரில் நானே ஒருமுறை கேட்டுப் பார்த்தேன், பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம், யாரும் தெரிந்தவர்கள் இல்லாத மெடிக்கலில். அந்த ஆள் என் கழுத்தைப் பார்த்தான், தாலி இருக்கிறதா என்று. இருக்கிறது என்று தெரிந்ததும் இன்னும் வினோதமாகப் பார்த்தான், "அதெல்லாம் நாங்க வைக்கறதில்லம்மா" என்றான். தாலி கட்டிக்கொண்டவளுக்கு எதற்கு அது? ரெஹானா கேட்கவில்லை. வாட்டர் கேன் பக்கத்தில் நான் விழுங்கி முடிக்கும்வரை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மறைப்பாக நின்றாள், பிறகு, "இதையே வழக்கமா போடாத வினோதினி, உடம்பு கெட்டுரும்" என்றாள். கெட்டுவிட்டதோ? உள்ளே எதுவோ கிழிந்து அதுதான் இப்படி வடிகிறதோ? எத்தனை தடவை போட்டிருப்பேன்? எண்ண ஆரம்பித்து, ஒவ்வொரு தடவைக்கும் பின்னால் ஒரு ராத்திரி இருப்பது ஞாபகம் வந்து, நிறுத்திவிடுகிறேன். பூபதி அடிப்பதில்லை. அதைத்தான் என் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள், "அடிக்கிறாரா? குடிக்கிறாரா? அப்புறம் என்னடி?" அடிப்பதில்லை. கேட்பதுமில்லை. வேண்டாம் என்று நான் சொல்வது அவருக்குக் காதில் விழுவதில்லை, மழைச் சத்தத்தில் பேசுவதுபோல. திரும்பிப் படுத்தால் திருப்புவார், கையைப் பிடித்தால் பிடித்த கையை எடுத்துத் தலைக்கு மேலே வைத்து அழுத்திக்கொள்வார், காலையில் எழுந்து, "காபி குடிச்சியா?" என்று அன்பாகக் கேட்பார். அந்த அன்புதான் எனக்குப் புரிவதில்லை. கல்யாணமான முதல் வருடத்தில் ஒருமுறை பையை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன், கொஞ்ச நாள்தான், அப்பா என்னைக் காரில் ஏற்றி, வழியில் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி என் மடியில் வைத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டுப்போனார். ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகும் என்றார். எல்லாம் சரியாகும் என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு பையை எடுக்கவே முடியாது என்று அர்த்தம்.

"ஏங் கண்ணு, மூஞ்சி என்ன இப்படி வெளுத்துக் கெடக்குது?" அத்தை திரும்பிப் பார்க்கிறார். "ஒண்ணுமில்லீங்க அத்தை. பாத்ரூம் போயிட்டு வந்தர்றேன்." எழுந்திருக்கும்போது துப்பட்டாவைப் பின்னால் இழுத்துவிட்டுக்கொள்கிறேன், நாற்காலியைத் திரும்பிப் பார்க்கவேண்டும், பார்த்தால் அத்தையும் பார்ப்பார், பார்க்காமல் நடக்கிறேன், நடையே மாறிவிடுகிறது, தொடைகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு. கதவைத் தாழிட்டுப் பார்க்கிறேன். ரத்தம்தான். வழக்கமான நிறமில்லை, கொஞ்சம் பழுப்பாக, துருவேறிய குழாயில் முதலில் வரும் தண்ணீர்போல, நடுவில் மட்டும் சிவப்பு. இது எந்த ரத்தம்? மாத ரத்தமா, கலைந்த ரத்தமா, புண்ணின் ரத்தமா? மூன்றுக்கும் ஒரே வழி வைத்திருக்கிறது இந்த உடம்பு. போன வாரம் இங்கேதான் இடுப்பில் ஊசி போட்டார்கள், முட்டை வெளியே வருவதற்கான ஊசி, "ரெண்டு நாளும் சேர்ந்து இருங்க" என்று நர்ஸ் பூபதியிடம்தான் சொன்னாள், என்னிடம் இல்லை, அவரும் மருந்து வேளையைக் கேட்டுக்கொள்வதுபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரியிலேயே சொன்னபிறகு நான் வேண்டாம் என்று சொல்ல என்ன இருக்கிறது. அந்த ரெண்டு நாளும் முடிந்து ஆபீஸுக்குப் போய் மாத்திரையை விழுங்கினேன். ஒரே வாரத்தில் ஒரே வயிற்றுக்கு வா என்று ஒரு மருந்து, வராதே என்று ஒரு மருந்து. அது என்னதான் செய்யும், பாவம், குழம்பிப்போய் ரத்தத்தைக் கொட்டுகிறது. டிஷ்யூவை மடித்து வைத்துக்கொள்கிறேன். கண்ணாடியில் பார்த்தால் என் முகம் எனக்கே சின்னப் பிள்ளையின் முகம்போல இருக்கிறது, பள்ளிக்கூடப் பாத்ரூமில் முதல்முதலாகப் பார்த்தபோது இருந்த முகம். அன்றைக்காவது வெளியே போய்ச் சொல்ல ஒரு டீச்சர் இருந்தார்.

கதவைத் திறந்தால் அத்தை நிற்கிறார். கைப்பையோடு, செருப்போடு, பாத்ரூம் வாசலிலேயே. நாற்காலியைப் பார்த்திருக்கிறார். "வந்துருச்சா?" குரல் தாழ்ந்திருக்கிறது. பொய் சொல்லலாம், என்ன பொய் சொல்வது, தலையை ஆட்டுகிறேன். "நாள் இல்லியே கண்ணு," என்கிறார், அவரும் அதையே சொல்கிறார், என் மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்த அதே வார்த்தை அவர் வாயிலிருந்து வருகிறது. அவர் கண்கள் எதையோ கூட்டிக் கழிப்பது தெரிகிறது, கண்டுபிடித்துவிட்டார், மாத்திரை, ரெஹானா, வாட்டர் கேன், எல்லாம் என் நெற்றியில் எழுதியிருக்கிறது, கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அவர் கண் கலங்குகிறது. "தங்கி… கலைஞ்சிருச்சா," என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொள்கிறார். பிடித்த கையை விடாமல் மூலையில் இருந்த நாற்காலிக்குக் கூட்டிப்போய், கைப்பையிலிருந்த தன் சால்வையை அதில் விரித்து என்னை அதன்மேல் உட்காரவைக்கிறார். வெள்ளைச் சால்வை. வேண்டாங்க அத்தை என்கிறேன், அவருக்கும் காதில் விழவில்லை. "எனக்கு ரெண்டு போச்சு," என்கிறார். "பூபதிக்கு முன்னால ரெண்டு. யாருக்கும் தெரியாது. மொதல்ல போனதை உங்க மாமனாருகிட்டக்கூடச் சொல்லல, சோளக்காட்டுல களை வெட்டிட்டு இருந்தேன், அங்கியே போச்சு, மண்ணத் தள்ளி மூடிட்டு வந்து சோறாக்குனேன்." இதுவரை என்னிடம் அவர் இப்படிப் பேசியதே இல்லை. மூன்று வருடமாக என்னிடம் உப்பு, புளி, நாள், கோயில் இவற்றைத் தவிர எதையும் பேசாதவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அழாத கண்ணு," என்கிறார். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிகிறது. எதற்கு அழுகிறேன்? அந்தச் சோளக்காட்டுப் பெண்ணுக்கா, இல்லாத ஒன்றுக்கா, அது இல்லையென்று சந்தோஷப்பட்டதற்கா? இவரிடம் சொல்லிவிட்டால் என்ன? அத்தை, கலையவில்லை, நான்தான், உங்கள் பையன் கேட்பதில்லை, அதனால்தான். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்து சோறாக்கியவளுக்குப் புரியாதா? புரியும் என்று ஒரு கணம் தோன்றுகிறது. வாயைத் திறக்கிறேன். "எங்களையெல்லாம் ஆம்பளைங்க கேட்டுக்கிட்டா செஞ்சாங்க, அப்பவும் பெத்துக்கிட்டோம்," என்கிறார் அத்தை அதற்குள், தானாகவே, வேறு எதையோ நினைத்துக்கொண்டு. "நீயும் பெத்துக்குவ. பயப்படாத." நான் வாயை மூடிக்கொள்கிறேன். சால்வையில் கறை பட்டிருக்கும்.

ஸ்கேன் அறைக்குள் என்னை மட்டும்தான் விடுகிறார்கள். டாக்டர் உமையாள் அதிகம் பேசாதவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார், "எப்பருந்து ப்ளீடிங்?" "இப்பத்தாங்க. வெளிய உக்காந்திருக்கும்போது." வயிற்றில் ஜெல் சில்லென்று இருக்கிறது, கருவி நகர்கிறது, திரையில் சாம்பல் நிறத்தில் மேகம் மேகமாக என் உள்பக்கம் தெரிகிறது, அதில் மாத்திரையும் தெரியுமோ, ஓரத்தில் எங்காவது கரையாமல் ஒட்டிக்கொண்டிருக்குமோ. இவர் நேற்றுவரை எனக்கு அத்தையின் டாக்டர், பூபதியின் டாக்டர், சேர்ந்து இருங்கள் என்று நர்ஸ் வழியாகச் சொல்லியனுப்பியவர். "நாங்க எழுதிக் கொடுக்காத மாத்திரை ஏதாவது போட்டீங்களா?" என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். அவர் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே கேட்டார், ஊரில் மழையா என்று கேட்பதுபோல. அதனால் சொல்லிவிட்டேன். "கரு தங்காம இருக்கறதுக்குப் போடுவாங்களே, அந்த மாத்திரைங்க." துடைத்த கை நின்றது. "எப்ப?" "ஊசி போட்ட ரெண்டு நாள் கழிச்சுங்க." "குழந்தை வேணும்னுதானே இங்க வர்றீங்க?" "அவங்க வர்றாங்க." "அவர்கிட்ட வேண்டாம்னு சொன்னீங்களா?" "அவரு கேக்கறதில்லீங்க." "எதைக் கேக்கறதில்ல?" "என்னைய," என்கிறேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாத அவர் முகம் களைத்துப்போய், யாரோ ஒரு சாதாரணப் பெண்ணின் முகமாக இருந்தது.

"பயப்படாதீங்க, உள்ள எதுவும் கிழிஞ்சு போகல," என்கிறார், நான் கேட்காமலே. "அந்த மாத்திரை போட்டா இப்படி நடுவுல ரத்தம் படுறது சகஜம்தான். சிலருக்கு வரும், சிலருக்கு வராது, ஒரே ஆளுக்குக்கூட ஒரு தடவை வரும், ஒரு தடவை வராது. ரெண்டு மூணு நாள்ல தானா நின்னுரும். ரொம்ப அதிகமாப் போனாலோ, ஒரே பக்கமா வயிறு கடுமையா வலிச்சாலோ, மயக்கம் வந்தாலோ மட்டும் உடனே வரணும்." எனக்கு அந்த அறை கொஞ்சம் பெரிதானதுபோல இருக்கிறது, மூச்சு முழுதாக உள்ளே போகிறது. "அப்ப இல்லீங்களா டாக்டர்?" "என்ன இல்ல?" "குழந்தை." அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். "அதை இப்பச் சொல்ல முடியாது. இந்த ரத்தம் பீரியட்ஸ் இல்ல வினோதினி. இது வந்ததால இல்லைன்னும் அர்த்தமில்ல, இருக்குன்னும் அர்த்தமில்ல. அந்த மாத்திரை முட்டை வெளிய வர்றதைத்தான் தள்ளிப்போடும். உங்களுக்கு ஊசி போட்டு நாங்களே வரவெச்சிருக்கோம். வந்தபிறகு போட்டிருந்தா அதால பெரிசா ஒண்ணும் பண்ண முடியாது. தங்கியிருந்தா அதைக் கலைக்கவும் செய்யாது. மாத்திரை போட்டதுலருந்து மூணு வாரம் கழிச்சு டெஸ்ட் பண்ணிப் பாருங்க." இல்லைன்னும் அர்த்தமில்ல. வயதுக்கு வந்ததிலிருந்து நான் நம்பியிருந்த ஒரே கணக்கு. ரத்தம் வந்தும் இருக்கலாம். அப்படியென்றால் இத்தனை நேரம் உள்ளே சிரித்துக்கொண்டிருந்தது எதற்கு, அத்தை அழுதது எதற்கு, நான் அழுதது எதற்கு, இது எதையுமே சொல்லாத ரத்தம், சும்மா வந்த ரத்தம். "அம்மா வீட்டுக்குப் போக முடியுமா?" என்கிறார் டாக்டர். "திரும்பக் கொண்டாந்து விட்டுருவாங்க." "பேசுறதுக்கு ஒரு நம்பர் தரட்டுமா? பொம்பளைங்களுக்கான உதவி நம்பர்." "போனை அவரும் பாப்பாருங்க." அவர் மேஜையைப் பார்க்கிறார், நானும் அதே மேஜையைப் பார்க்கிறேன். "நீங்க சொன்னது இந்த ரூமை விட்டு வெளிய போகாது," என்கிறார் கடைசியில். "ரெண்டு மாசம் சிகிச்சை வேண்டாம், உடம்புக்கு ஓய்வு வேணும்னு அவங்ககிட்டச் சொல்றேன். அதுக்குமேல நான் என்ன பண்றதுன்னு…" ரெண்டு மாதம். ஊசி இல்லாத, நாள் குறித்துத் தராத ரெண்டு மாதம். அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கார் கிளம்பி வாங்கல் ரோட்டுக்குத் திரும்புவதற்குள் அந்த ரெண்டு மாதம் போய்விட்டது. பூபதி பஸ் பாடி கட்டும் ஷெட்டிலிருந்து பாதி வேலையில் வந்திருக்கிறார், சட்டையில் பெயின்ட் வாசனை, கண்கள் சிவந்திருக்கின்றன, அத்தை போனில் சொல்லியிருக்கிறார். "ஓய்வாம் ஓய்வு," என்கிறார் அத்தை முன்சீட்டிலிருந்து, "தங்குனதைக் காப்பாத்தத் தெரியல, இந்தம்மா என்ன டாக்டரு. கலைஞ்ச வயித்துல சீக்கிரம் தங்கும்பா, பூபதி, இதுதான் நேரம், விட்டறக் கூடாது. நம்ம பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணோட மருமகளுக்குக் கோயமுத்தூர்லதான் கரு நின்னுச்சு. இன்னைக்கே போன் பண்ணிப் பேசு." "பேசறேம்மா." "அடுத்த வாரமே போயிரலாம்." "போயிரலாம்மா." அவர்கள் பேசுவது எனக்கு மேலாகப் போகிறது, பின்சீட்டில் மடித்த சால்வைமேல் உட்கார்ந்திருக்கிறேன், வெளியே சாயப்பட்டறைச் சுவர்கள், டீக்கடை, ஸ்கூல் விட்டுப் போகும் பிள்ளைகள், ஒரு பெண் டிவிஎஸ் ஃபிஃப்டியில் முன்னால் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு தனியாகப் போகிறாள், எங்கே போகிறாள், எங்கேயோ போகிறாள், நினைத்த இடத்தில் திரும்புகிறாள். கோயமுத்தூரில் இன்னொரு சுவர், இன்னொரு வரிசைக் குழந்தைகள், இன்னொரு நர்ஸ் பூபதியிடம் சொல்வாள். அதற்குள்ளேயே மூன்று வாரம் ஆகிவிட்டால்? டெஸ்ட் பண்ணுவதற்கு எங்கே ஒளிவது, அத்தை வாசலில் நிற்காத பாத்ரூம் எங்கே இருக்கிறது? ஒருவேளை இருந்துவிட்டால்? அப்போதும் இவர்கள் இப்படித்தான் எனக்கு மேலாகச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு போவார்கள், நான் இதேபோலப் பின்சீட்டில், மடியில் ஆரஞ்சோடு.

பூபதி ஒரு மெடிக்கல் முன்னால் நிறுத்தி இறங்கிப் போகிறார். திரும்பி வந்து பின்கதவைத் திறந்து, கறுப்புப் பையை என் கையில் வைக்கிறார். "பெரிய பாக்கெட்டா ரெண்டு வாங்கியிருக்கேன் வினோ. போதுமில்ல?" "பத்துமுங்க மாமா." கதவை மூடாமல் நிற்கிறார், குனிந்து, அத்தைக்குக் கேட்காதபடி, "ரொம்ப வலிக்குதா?" என்கிறார், உண்மையாகவே கேட்கிறார், அவர் கண்ணில் தண்ணீர் இருக்கிறது, இந்த மனிதரை வெறுக்க எனக்கு யாராவது கற்றுக்கொடுத்தால் தேவலை. "கொஞ்சம்." "எப்ப நிக்கும்னாங்க?" அவர் கை என் முழங்காலில் இருக்கிறது. எதற்காகக் கேட்கிறார் என்று தெரிகிறது, கேட்காதவர் இதை மட்டும் கேட்கிறார். ரெண்டு மூணு நாள் என்று டாக்டர் சொன்னது என் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. "ஒரு மாசம் ஆகலாம்னாங்க," என்கிறேன். "ஒரு மாசமா?" "ஆமாங்க மாமா. அதுவரைக்கும் எதுவும் கூடாதுன்னாங்க." அவர் என்னைப் பார்க்கிறார், நம்புகிறார், மெதுவாக முழங்காலிலிருந்து கையை எடுக்கிறார். "சரி. நின்னதும் சொல்லு," என்று கதவை மூடுகிறார். கார் நகர்கிறது. நான் பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி உள்ளே கவனிக்கிறேன், எதுவும் சொல்லாத ரத்தமே, ஒரு மாதம், எப்படியாவது ஒரு மாதம், வந்துகொண்டே இரு. அடிவயிற்றில் முறுக்கு ஒன்று வருகிறது. அடுத்ததற்குக் காத்திருக்கிறேன். வெகுநேரம் கழித்து, அதைவிடச் சின்னதாக ஒன்று. வீடு வருவதற்குள் வலி நின்றுவிட்டது.